எங்கள் வீட்டு வெல்லம்



நான் கோவையில் வசிக்கும் சாதாரண இல்லத்தரசி. வயது 36. பத்தாம் வகுப்பு வரைதான் படித்திருக்கிறேன். கணவர் மோட்டார் பம்ப் பட்டறையில் வேலை பார்க்கிறார். நான் வீட்டிலிருந்தபடியே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். இந்தப் பகுதியில் சமையல், குழந்தை வளர்ப்பு, மாமியார் பிரச்னை என்று எத்தனையோ சகோதரிகள் எழுதியதைப் படித்துப் பயன் அடைந்திருக்கிறேன். 'இவள் என்ன நாயைப் பற்றி எழுத வந்துவிட்டாள்' என்று யாரும் சிரிக்க வேண்டாம். இதிலும் ஒரு உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது.

போன மாதம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்த ஒரு பெண், என் மிஷினுக்குப் பக்கத்தில் படுத்திருந்த எங்கள் நாயைப் பார்த்துவிட்டு, "ஐயோ, பொம்மை மாதிரியே இருக்குதுங்க்கா! எங்க பாப்பா பிறந்த நாளுக்கு இதே மாதிரி ஒண்ணு வாங்கிக் குடுக்கணும். எங்கே விக்கிறாங்க?" என்று கேட்டாள். நான் மிஷினை நிறுத்திவிட்டு, அவளை உட்கார வைத்து, காபி கொடுத்து, முக்கால் மணி நேரம் பேசினேன். அன்றைக்கு அவளிடம் சொன்னதைத்தான் இன்றைக்கு உங்களிடம் சொல்கிறேன்.

எங்களுடையது யார்க்‌ஷயர் டெரியர் என்ற ஜாதி. சுருக்கமாக 'யார்க்கி' என்பார்கள். நாங்கள் ஆசைப்பட்டு வாங்கியது அல்ல. அவ்வளவு வசதியும் எங்களுக்கு இல்லை. 2022 தீபாவளிக்கு பெங்களூரிலிருந்து வந்த என் கொழுந்தனார் கொண்டு வந்தது. இரண்டரை மாதக் குட்டி. ஒரு கையில் அடங்கிவிடும். கறுப்பும் பழுப்புமாக, எலிக்குட்டிக்கு ரிப்பன் கட்டின மாதிரி இருந்தது. பேர் பெல்லா என்றார்கள். விலை ஐம்பதாயிரம் என்றதும் என் மாமியார் வாயில் கை வைத்துக்கொண்டார்.

"நாய்க்கு அம்பதாயிரமா? அந்தக் காசுக்கு ஒரு கறவை மாடு வாங்கியிருக்கலாமேடா!"

கொழுந்தனார் மனைவி அப்போது ஆறு மாதம். "அக்கா, ஒரு பத்து நாள் மட்டும் பாத்துக்குங்க. எங்களுக்கு வீடு மாத்துற வேலை இருக்கு" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். அந்தப் பத்து நாள் இன்னும் முடியவில்லை. நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. பிரசவம், கைக்குழந்தை, வேலை என்று அவர்களுக்கும் ஆயிரம். ஆனால் ஐம்பதாயிரம் கொடுத்து வாங்கும் முன்பு அதை யார் பார்த்துக்கொள்வது என்று ஐந்து நிமிடம் யோசித்திருக்கலாமே என்று நினைப்பதுண்டு.

உயிர் காத்த வெல்லப்பாகு

எங்கள் அப்பா வீட்டில் நான் சிறுமியாக இருந்தபோது மணி என்று ஒரு நாட்டு நாய் இருந்தது. காலையில் ஒரு வேளை, ராத்திரி ஒரு வேளை மிச்சம் மீதியைப் போடுவோம். அது பாட்டுக்கு வளர்ந்தது. அந்த நினைப்பிலேயே இந்தக் குட்டிக்கும் இரண்டு வேளை சோறு வைத்தேன். வந்த நாலாவது நாள் ராத்திரி அது சரியாகத் தின்னவில்லை. பசித்தால் தானாகத் தின்னும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் விடிகாலை வாசல் தெளிக்க எழுந்தவள் அட்டைப் பெட்டிக்குள் பார்த்தேன். குட்டி துணி மாதிரிக் கிடந்தது. தூக்கினால் தலை தொங்குகிறது. கண் பாதி திறந்தபடி இருக்கிறது. காதும் காலும் சில்லென்று இருந்தன. எனக்குக் கை கால் வெலவெலத்துப் போச்சு. அடுத்தவர் பிள்ளையை வாங்கி வைத்துக் கொன்றுவிட்டோமே என்று அழுகை வந்துவிட்டது.

நல்ல நேரம், பால்காரர் வந்தார். அவர் மாடு வளர்ப்பவர் என்பதால் கால்நடை டாக்டரம்மாவின் நம்பர் வைத்திருந்தார். போன் போட்டுக் கொடுத்தார். டாக்டரம்மா விவரத்தைக் கேட்டுவிட்டு, "ஏம்மா, வீட்டுல தேன் இருக்கா? விரல்ல தொட்டு ஈறுல தடவுங்க. வாயில தண்ணியோ பாலோ ஊத்தாதீங்க, மூச்சுக்குழல்ல போயிடும். துணியில சுத்தி, சூடா மார்போட வெச்சுக்கிட்டு உடனே கொண்டு வாங்க" என்றார்.

வீட்டில் தேன் இல்லை. என் மாமியார் ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குப் போனார். தீபாவளி அதிரசத்துக்குக் காய்ச்சி மிச்சம் இருந்த வெல்லப்பாகைக் கிண்ணத்தில் கொண்டு வந்து, விரலால் தொட்டுத் தொட்டு ஈறில் தடவினார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் குட்டி நாக்கை நீட்டி நக்க ஆரம்பித்துவிட்டது! அன்றையிலிருந்து என் மாமியாருக்கு அது பெல்லா இல்லை, வெல்லம்தான். பேரும் ஏறக்குறைய ஒத்துப்போனதால் அதுவும் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டது.

டாக்டரம்மா குளுக்கோஸ் ஏற்றிவிட்டு விளக்கினார். இந்த மாதிரிச் சின்ன ஜாதிக் குட்டிகளின் உடம்பில் சர்க்கரையைச் சேமித்து வைக்க இடமே இல்லையாம். ஒரு வேளை தின்னாவிட்டால், குளிர் பட்டால், பயந்தால், அதிகம் விளையாடினால் சர்க்கரை சடாரென்று இறங்கி மயக்கம் வந்துவிடுமாம். வலிப்பு வந்து செத்துப் போவதும் உண்டாம். நாலு மாதம் வரை ஒரு நாளைக்கு நாலு வேளை, பிறகு ஆறு மாதம் வரை மூன்று வேளை, வளர்ந்த பிறகும் இரண்டு வேளைக்குக் குறையாமல் கொடுக்கச் சொன்னார். யார்க்கிக் குட்டி வைத்திருப்பவர்கள் வீட்டில் தேனோ குளுக்கோஸோ எப்போதும் இருக்க வேண்டும். தடவின பிறகு தெளிந்துவிட்டாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

மில் தொழிலாளியின் நாய்

இந்த நாய் பணக்காரர்களின் மடியில் வளர்ந்த ஜாதி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அவள்தான் தேடிப் படித்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் அப்பாவிடம் கதை மாதிரிச் சொன்னாள். அப்பா பஞ்சு மில்லில் வேலை பார்த்தவர். மில் மூடின பிறகு வாட்ச்மேன் வேலைக்குப் போய் எங்களைக் கரையேற்றியவர்.

இங்கிலாந்தின் வடக்கே இருப்பது யார்க்‌ஷயர். நம் கோவையைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்கிறோமே, அந்த மான்செஸ்டர் இருந்த லங்காஷயருக்கு அடுத்த மாவட்டம். அங்கே பஞ்சு மில், இங்கே கம்பளி மில். 1800-களின் நடுவில் ஸ்காட்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த நெசவாளர்கள் தங்கள் சின்ன டெரியர் நாய்களையும் கூடவே கொண்டு வந்தார்களாம். அவற்றை உள்ளூர் நாய்களோடு சேர்த்து வந்ததுதான் இந்த ஜாதி. வேலை என்ன தெரியுமா? மில்லிலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் எலி பிடிப்பது! டெரியர் என்ற பெயரே மண்ணைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. வளைக்குள் புகுந்து பிடிக்கிற நாய் என்று அர்த்தம். இதன் முடி பட்டு மாதிரி இருப்பதால், 'இது தறியில் நெய்த நாய்' என்று அந்தக் காலத்தில் கேலி செய்வார்களாம்.

அந்த ஊர் மில் டவுன்களில் ஒன்று ஹட்டர்ஸ்ஃபீல்டு. அங்கே 1865-ல் பிறந்த பென் என்ற நாயைத்தான் இந்த ஜாதிக்கே தகப்பன் என்கிறார்கள். மேரி ஆன் ஃபாஸ்டர் என்ற பெண்மணி அதை வளர்த்துப் போட்டிகளில் ஜெயிக்க வைத்தார். 1871-ல், ஆறு வயதிலேயே, வண்டியில் அடிபட்டு அது செத்துப்போனது. 1886-ல் இங்கிலாந்து கென்னல் கிளப் இந்த ஜாதியை அங்கீகரித்தது. அதன் பிறகுதான் சீமாட்டிகளின் மடிக்குப் போனது.

இரண்டாம் உலகப் போரில் ஸ்மோக்கி என்று ஒரு யார்க்கி இருந்திருக்கிறது. எடை இரண்டு கிலோ கூட இல்லை. 1944-ல் நியூகினியாக் காட்டில் ஒரு பள்ளத்தில் கிடைத்த அதை வில்லியம் வின் என்ற அமெரிக்க வீரர் வளர்த்தார். 1945-ல் பிலிப்பைன்ஸில் விமான ஓடுபாதைக்கு அடியில் டெலிபோன் கம்பி கொண்டுபோக வேண்டியிருந்தது. ஓடுபாதையைத் தோண்டினால் நாள் கணக்கில் வேலை, எதிரி விமானம் வேறு குண்டு போடும். ஸ்மோக்கியின் கழுத்தில் நூலைக் கட்டி 70 அடி நீளக் குழாய்க்குள் அனுப்பினார்கள். அது பாதி மண் மூடிய குழாயில் தவழ்ந்து மறுபக்கம் வந்து சேர்ந்தது.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வெல்லத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "அப்படியா கண்ணு? நீயும் நம்ம மில்லுக்காரிதானா?" என்றார். அதற்கு முன்பு அவர் அதைத் தொட்டதே இல்லை!

குணம் எப்படி?

உருவம்தான் சின்னது, மனசுக்குள் அது சிங்கம். வளர்ந்த யார்க்கி மூன்று கிலோ சுமார்தான் இருக்கும். எங்கள் வெல்லம் 2 கிலோ 400 கிராம். ஆனால் தெருவில் பெரிய நாயைப் பார்த்தால் ஒதுங்கத் தெரியாது, பாய்ந்துகொண்டு சண்டைக்குப் போகும். ஒரு கடி பட்டால் அவ்வளவுதான். அதனால் வாசல் கதவு எப்போதும் சாத்தியிருக்க வேண்டும். வெளியே போனால் கயிறு இல்லாமல் விடவே கூடாது.

காது கூர்மை. கூரியர்காரர் தெருமுனையில் வரும்போதே குரைக்கும். முதலில் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் நிறையப் பேச்சு வாங்கினேன். குரைக்கும்போதெல்லாம் நான் தூக்கிக் கொஞ்சி சமாதானம் செய்ததுதான் தப்பாம். குரைத்தால் தூக்குவார்கள் என்று அது புரிந்துகொண்டது! பிறகு பேசாமல் கூப்பிட்டு உட்கார வைத்து, அமைதியான பின்பு ஒரு துண்டு கேரட் கொடுக்க ஆரம்பித்தேன். இரண்டு மாதத்தில் பாதியாகக் குறைந்தது. அடித்துத் திருத்த நினைக்காதீர்கள். ரோஷக்காரி, பயமும் பிடிவாதமும்தான் அதிகமாகும்.

போன மழைக் காலத்தில் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் ஓடின சுண்டெலியை ஒரே பாய்ச்சலில் பிடித்து உதறிப் போட்டுவிட்டு, என் காலடியில் வந்து நிமிர்ந்து நின்றது. எலி பிடித்த பரம்பரையின் புத்தி எங்கே போகும்! மாமியாருக்கு ஒரே பெருமை. ஆனால் டாக்டரம்மா எச்சரித்தார். எலியால் எலிக்காய்ச்சல் வரும், அதற்கான தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். எலி மருந்து வைக்கும் வீட்டில் இந்த நாய் இருந்தால் இரண்டு பங்கு கவனம் வேண்டும்.

அடுப்படியில் இருக்கும் விஷம்

இந்தப் பகுதியைச் சகோதரிகள் கவனமாகப் படிக்க வேண்டும். நாம் தினமும் புழங்குகிற பொருட்களே நாய்க்கு விஷம். வெங்காயமும் பூண்டும் அதன் ரத்தத்தைக் கெடுத்துவிடும். வேக வைத்தாலும் அதே கதிதான். அப்படியானால் நம் வீட்டு சாம்பார், ரசம், குழம்பு எதுவுமே கூடாது. திராட்சையும் உலர்ந்த திராட்சையும் சிறுநீரகத்தைப் பாதிக்கும். பாயசத்திலும் கேசரியிலும் போடுகிறோமே, அதுதான். சாக்லேட் கூடாது. சர்க்கரை இல்லாதது என்று விற்கும் சூயிங்கம், மிட்டாய்களில் சேர்க்கும் சைலிடால் என்ற இனிப்பு மிகவும் ஆபத்து. காய்ச்சல் என்று நமக்குப் போடும் பாராசிட்டமால் மாத்திரையை நாமாக ஒருபோதும் கொடுக்கக் கூடாது.

பெரிய நாய் ஒரு வாய் தின்றால் தாங்கும், இது தாங்காது. என் எடையில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான் வெல்லம். அது ஒரு முறுக்கு தின்றால் நான் இருபத்தைந்து முறுக்கு தின்ற மாதிரி! எண்ணெய்ப் பலகாரமும் கோழித் தோலும் கொடுத்தால் கணையம் வீங்கி வாந்தி எடுத்துப் படுத்துவிடும். விருந்தாளிகள் பிரியமாகப் போடும்போது வேண்டாம் என்று சொல்லச் சங்கடமாக இருக்கும். சொல்லித்தான் ஆக வேண்டும்.

நான் கொடுப்பது இதுதான்: எலும்பும் தோலும் எடுத்து, உப்பும் மசாலாவும் இல்லாமல் வேக வைத்த கோழிக்கறி, குழைந்த சோறு, கேரட் அல்லது பூசணி, வாரம் இரண்டு முறை வேக வைத்த முட்டை. இதோடு டாக்டர் எழுதிக் கொடுத்த, சின்ன ஜாதி நாய்க்கான உலர் தீவனம். வெறும் பால் சோறும் தயிர் சோறும் மட்டும் போட்டால் சத்துக் குறையும். குடிக்கத் தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும்.

தலை வாருவதும் பல் தேய்ப்பதும்

யார்க்கியின் முடி நம் தலைமுடி மாதிரி வளர்ந்துகொண்டே போகும். மற்ற நாய்களைப் போல வீடெல்லாம் உதிராது. அதற்குப் பதிலாக நம் வேலை கூடுகிறது. ஒரு நாள் வாராவிட்டால் சிக்கு, நாலு நாள் வாராவிட்டால் சடை. வறட்டு முடியை வாராமல் லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டு நுனியிலிருந்து மேல் நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். கண்ணில் முடி குத்தாமல் இருக்க உச்சியில் குடுமி போட வேண்டும். என் மாமியார் தினமும் சாயங்காலம் டி.வி. பார்த்துக்கொண்டே வாரிவிட்டுக் குடுமி போடுவார். "பேத்திக்குத்தான் பின்னல் பிடிக்கலை, உனக்காவது போடுறேன் வா" என்பார்.

பிறக்கும்போது கறுப்பாக இருக்கும் முதுகு, இரண்டு மூன்று வருடத்தில் இரும்பு நிறத்துக்கு மாறும். தலையும் கால்களும் தங்கப் பழுப்பாகும். நிறம் மாறுகிறதே, நோயோ என்று நான் போலப் பயப்பட வேண்டாம்.

இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை நாய்க்கான ஷாம்பூ போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டி நன்றாகத் துவட்ட வேண்டும். உள்முடி இல்லாத ஜாதி என்பதால் மார்கழிக் குளிர் தாங்காது. என் பழைய ஸ்வெட்டர் கையை வெட்டி இதற்குச் சட்டை தைத்திருக்கிறேன். அதே சமயம் நம் ஊர் சித்திரை வெயிலும் ஆகாது. ஆறரை மணிக்குள் காலை நடையை முடித்துவிடுவேன். சாயங்காலம் புறங்கையைத் தார் ரோட்டில் வைத்துப் பார்ப்பேன். எனக்குச் சுட்டால் அதற்கும் சுடும். வெயில் காலத்தில் முடியைக் குட்டையாக வெட்டிவிடுவோம், மொட்டை அடிக்க மாட்டோம்.

இந்த ஜாதிக்குப் பல்தான் பெரிய தொல்லை. சின்ன வாயில் நெருக்கிக்கொண்டு 42 பற்கள். பால் பல் விழாமலேயே பக்கத்தில் புதுப் பல் முளைத்துவிடும். இடுக்கில் உணவு தங்கி, நாற்றம் வந்து, இளம் வயதிலேயே பல் கொட்டும். குழந்தைகளுக்கான மிருதுவான பிரஷில் நாய்க்கான பேஸ்ட் வைத்துத் தேய்க்கிறேன். நம் பேஸ்ட் கூடாது, அது துப்பாமல் விழுங்கிவிடும். குட்டியிலேயே பழக்கினால்தான் வாயைத் திறக்கும்.

இன்னும் இரண்டு விஷயம். இதன் மூச்சுக்குழல் மிக மென்மையானது. கழுத்துப் பட்டையில் கயிறு கட்டி இழுத்தால் அது நசுங்கி, வாத்து கத்துவது போன்ற இருமல் வரும். அதனால் மார்போடு சேர்த்துப் போடும் பட்டையில்தான் கயிறு கட்ட வேண்டும். அடுத்தது முட்டி. கட்டிலிலிருந்தும் சோபாவிலிருந்தும் குதித்துக் குதித்து முட்டிச் சில்லு விலகிவிடும். நாங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் பழைய மரப்பெட்டியைப் படி மாதிரிப் போட்டிருக்கிறோம். காலடியில் மிதிபடாமல் பார்ப்பதும் முக்கியம். நான் மிஷினில் உட்காரும் முன்பு பெடலுக்கு அடியில் குனிந்து பார்க்காமல் காலை வைப்பதே இல்லை.

தடுப்பூசிகளில் சோம்பல் கூடாது. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி டாக்டர் சொல்லும் தவணைகளில் போட வேண்டும். மூன்று மாதம் ஆனதும் வெறிநாய்க்கடி ஊசி, பிறகு வருடா வருடம். 'வீட்டுக்குள்ளேயே இருக்கும் நாய்தானே' என்று விடாதீர்கள். எந்த நாய் கடித்தாலும் கீறினாலும் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். உண்ணிக் காய்ச்சலும் சின்ன நாயைச் சீக்கிரம் சாய்த்துவிடும். காதின் பின்புறம், விரலிடுக்கு, அக்குள் எல்லாம் தினமும் தடவிப் பாருங்கள்.

ஆசை காட்டியவர்

வெல்லத்துக்கு ஒன்றரை வயது இருக்கும். நாய் வியாபாரம் செய்யும் ஒருவர் யாரோ சொல்லி வீட்டுக்கு வந்தார். "ஆண் நாய் என்கிட்ட இருக்குதுங்க. ஒரு தடவை சேத்து விட்டாப் போதும். மூணு குட்டி போட்டாலும் உங்க பங்குக்கு அறுபதாயிரம் வரும்" என்றார். இன்னும் சின்னதாக, டீ கப்பில் உட்காரும் அளவுக்குக் குட்டி வந்தால் விலை கூடுதலாம்.

அறுபதாயிரம்! அந்த மாதம் எங்களுக்கு சீட்டுப் பணம் இரண்டு தவணை பாக்கி. மகளின் ட்யூஷன் பணம் வேறு. என் கணவர் நல்லவர்தான். ஆனாலும் அன்று ராத்திரி சாப்பிடும்போது, "ஒரு தடவைதானே அம்மணி... இயற்கையா நடக்கிறதுதானே" என்றார். நானும் உடனே முடியாது என்று சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், மனசுக்குள் அந்தப் பணத்துக்குச் செலவுக் கணக்கே போட்டுவிட்டேன். "டாக்டரம்மாவை ஒரு வார்த்தை கேட்டுக்கலாமுங்க" என்று மட்டும் சொன்னேன்.

டாக்டரம்மா வெல்லத்தின் இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். "இவ்வளவு சின்ன நாய்க்குப் பிரசவம் சுலபம் இல்லைம்மா. குட்டியோட தலை பெரிசா இருந்தா சிக்கிக்கும், ஆபரேஷன்தான். பால் குடுக்கிறப்போ சுண்ணாம்புச் சத்து இறங்கி வலிப்பு வரலாம். நல்லபடியா நடந்தா லாபம், இல்லேன்னா தாயும் போகும் குட்டியும் போகும். 'டீ கப் நாய்'னு தனி ஜாதியே கிடையாது. சோனிக் குட்டிகளை அந்தப் பேர்ல விக்கிறாங்க. அதுகளுக்குத்தான் நோய் அதிகம்" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். கணவர் ஒன்றும் பேசவில்லை. என் மாமியார்தான் பேசினார். "டேய், உம் பொண்டாட்டி உம் மகளைப் பெத்தப்போ வயித்தைக் கிழிச்சுத்தானே எடுத்தாங்க? பத்து நாள் எந்திரிக்க முடியாம கிடந்தாளே, மறந்துட்டியா? அவளாச்சும் வலிக்குதுன்னு சொன்னா. இது யார்கிட்ட சொல்லும்? சீட்டுப் பணத்துக்கு என் கம்மலை வெச்சுக்க. இந்தப் பேச்சு இனி இந்த வீட்டுல வேண்டாம்."

ஐம்பதாயிரத்துக்குக் கறவை மாடு கேட்டவர் அவர்தான்! எனக்கு அன்று கண் கலங்கிவிட்டது. கம்மலை நாங்கள் வாங்கவில்லை. தீபாவளித் தையல் நிறைய வந்தது, கணவர் ஓவர் டைம் பார்த்தார், கடனை அடைத்தோம். 2024-ல் வெல்லத்துக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்தோம். அதே மயக்கத்திலேயே விழாமல் நின்ற இரண்டு பால் பற்களையும் டாக்டரம்மா எடுத்துவிட்டார். ஆபரேஷன் முடிந்து வந்த வெல்லத்துக்குப் பக்கத்தில் என் கணவர்தான் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தார்.

வாங்கும் முன்பு

ஆசைப்படும் சகோதரிகள் இவற்றை யோசித்துப் பாருங்கள். இந்த நாய் 12 முதல் 15 வருடம் வாழும். இன்று அதைக் கேட்டு அடம் பிடிக்கும் பத்து வயதுக் குழந்தை, அதன் வயதான காலத்தில் கல்யாண வயதில் இருக்கும். பார்த்துக்கொள்ளப் போவது நீங்கள்தான். தினமும் அரை மணி நேரம் தலை வார முடியுமா? தீவனம், டாக்டர் எல்லாம் சேர்த்து எனக்கு மாதம் இரண்டாயிரத்துக்குக் குறைவதில்லை. அது கட்டுமா? ஐந்து வயதுக்குள் குழந்தை இருந்தால் கொஞ்ச நாள் பொறுங்கள். குழந்தை தூக்கிக் கீழே போட்டாலே கால் ஒடிந்துவிடும். எல்லோரும் வேலைக்குப் போகும் வீடு என்றால் வேண்டவே வேண்டாம், தனிமை தாங்காது. எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை வாங்காதீர்கள். தாய் நாயைக் காட்ட மறுக்கும் ஆளிடமும் வாங்காதீர்கள்.

இவ்வளவும் முடியும் என்றால் தாராளமாக வளர்க்கலாம். கொடுக்கும் அன்புக்குக் குறை வைக்காத ஜீவன் அது. என் அப்பா ஞாயிற்றுக்கிழமை வரும் பஸ் நேரம் அதற்குத் தெரியும். பதினோரு மணிக்கே ஜன்னல் ஓரம் போய் உட்கார்ந்துவிடும்.

அந்த ஜாக்கெட் தைக்க வந்த பெண், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு யோசித்தபடியே போனாள். இரண்டு வாரம் கழித்து ஜாக்கெட் வாங்க வந்தபோது, "அக்கா, நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க. பாப்பாவுக்கு இப்போ சைக்கிள் வாங்கிக் குடுத்துட்டோம்" என்றாள். கையில் வைத்திருந்த பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்காமல், "இதுக்கு இது குடுக்கலாமா?" என்றும் கேட்டாள்.

கேட்டாளே, அது போதும் எனக்கு.

- ஒரு வாசகி, கோவை.